மேற்கே ஒரு வீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பாகத்தில், மினியாபோலிஸ் நகரத்திலிருந்து தென்கிழக்காகச் சுமார் மூன்று மணி நேரம் மோட்டாரில் பிரயாணம் செய்தால், அயோவா ராஜ்யத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள டெக்கோரா என்னும் சிற்றூரை அடையலாம். அந்த நாட்டின் நடுப்பாகம் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே சமவெளி என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் இந்தப் பிரதேசம் மாத்திரம் குன்றும் பள்ளத்தாக்குமாக இருக்கிறது. சுண்ணாம்புக் கற்பாறைகளுக்கிடையே மேல் அயோவா நதி வளைந்து வளைந்து ஓடுகிறது. சரிவுகளில் மக்காச்சோளக் கொல்லைகளும், பசுக்கள் மேயும் புல்வெளிகளும், சிவப்பு வர்ணம் பூசிய களஞ்சியங்களும், கூரிய கோபுரங்களோடு கூடிய தேவாலயங்களும் மாறி மாறித் தோன்றுகின்றன.

ஊரின் ஜனத்தொகை எண்ணாயிரத்துக்கும் குறைவு. ஊருக்குப் பெயர் தந்தவர் அந்த மண்ணின் பூர்வகுடித் தலைவர் ஒருவர். வீதியில் காதில் விழுவது இங்கிலீஷ் பாஷை. ஆயினும் கடைப் பலகைகளையும் தபால் பெட்டிகளையும் படித்துக் கொண்டே போனால், ஓல்சன், ஜான்சன், ஆண்டர்சன் என்று "சன்" என முடியும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பிரதான வீதியாகிய வாட்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய செங்கற் கட்டடம் இருக்கிறது. நார்வே தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பொருள்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் பொருட்காட்சிசாலை அது. அதன் பெயர் வெஸ்டர்ஹைம். நார்வீஜிய பாஷையில் அதற்கு "மேற்கிலுள்ள வீடு" என்று அர்த்தம். குடியேறியவர்கள் தங்கள் புதிய நாட்டைத் தங்களுக்குள் அப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள்.

கடலும் பனியும் சூழ்ந்த தேசத்துக் குடியானவர்கள், கடல் என்பதே தென்படாத இந்த மண்ணுக்கு ஏன் வந்தார்கள்? வந்தவர்கள் தண்ணீரில் உப்பைப்போல் கரைந்துவிடாமல், மூன்று நான்கு தலைமுறைகள் வரையில் ஒரே சமூகமாக வாழ்ந்தது எப்படி? அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு எது? அது எந்த இடத்தில் தளர்ந்தது? டெக்கோராவையும் அதைப் போன்ற சில சிற்றூர்களையும் சுற்றிப் பார்க்கும்போது இந்தக் கேள்விகள் நம்மை விடாமல் தொடர்கின்றன.

ஓடமும் கடிதமும்

நார்வே பார்ப்பதற்கு அழகான தேசம். உழுவதற்கு வஞ்சகமான தேசம். அதன் நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் சாகுபடிக்கு ஏற்றது. மற்றதெல்லாம் மலை, காடு, பாறை. 1801-ம் வருஷத்தில் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஜனத்தொகை, 1865-க்குள் பதினேழு லட்சமாகப் பெருகிவிட்டது. தகப்பனாரின் பண்ணை மூத்த மகனுக்குப் போகும். இளையவர்களுக்குக் கடலில் மீன் பிடிப்பது அல்லது பிறருடைய பண்ணையில் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு வாடகையாக உடலுழைப்பைக் கொடுப்பது என்ற இரண்டு வழிகளே இருந்தன. இப்படி வாழ்ந்தவர்களை "ஹூஸ்மன்" என்பார்கள். அவனுக்குக் குடிசை சொந்தம்போல் இருக்கும். காலடியிலுள்ள மண் சொந்தமல்ல.

1825-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து "ரெஸ்டோரேஷன்" என்ற சிறு பாய்க்கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. அதன் நீளம் 54 அடி. சர்க்கார் மதத்துக்குப் புறம்பாக க்வேக்கர் கொள்கையில் பற்றுக்கொண்டு அதனால் தொல்லைக்குள்ளானவர்கள் அக்கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அக்டோபர் 9-ந் தேதி கப்பல் நியூயார்க்கை அடைந்தபோது அதில் 53 பேர் இருந்தார்கள். நடுக்கடலில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அத்தனை சிறிய கப்பலில் அத்தனை பேரை ஏற்றி வந்தது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம் என்று அபராதம் விதித்தார்கள். அப்போது ஜனாதிபதியாயிருந்த ஜான் க்வின்ஸி ஆடம்ஸ் அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்தார். இவ்வாறு மன்னிப்போடு தொடங்கிய குடியேற்றம் ஒரு நூற்றாண்டில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. 1882-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் இருபத்தெண்ணாயிரம் பேருக்கு மேல் சென்றார்கள். 1900-ல் அந்தத் தேசத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் இருபத்திரண்டு லட்சந்தான் என்பதை நினைத்தால் இந்தத் தொகையின் கனம் விளங்கும்.

இத்தனை பேரை இழுத்தது கப்பல் கம்பெனிகளின் விளம்பரம் மாத்திரமல்ல. அதைவிட வலிமையானது கடிதம். முன்னால் போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதத்தைத் தேவாலய வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, கிராமமே கூடி நின்று கேட்கும். பிறகு அதைக் கையால் பிரதி எடுத்து அடுத்த கிராமத்துக்கு அனுப்புவார்கள். கோதுமை விளைச்சல் இவ்வளவு, பசுவின் விலை இவ்வளவு, கூலி இவ்வளவு என்று கணக்கோடு எழுதப்பட்ட அந்தக் கடிதங்கள் "அமெரிக்கக் கடிதங்கள்" என்றே பெயர் பெற்றன. சில கடிதங்களுக்குள் பிரயாணச் சீட்டும் இருந்தது. 1862-ல் அமெரிக்க சர்க்கார் செய்த குடியிருப்புச் சட்டமோ, ஐந்து வருஷம் குடியிருந்து சாகுபடி செய்பவனுக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சொற்பக் கட்டணத்தில் சொந்தமாக்கிக் கொடுத்தது. அமெரிக்கப் பிரஜையாக விரும்புவதாக எழுதிக் கொடுத்த அன்னியனும் அந்த நிலத்தைக் கேட்கலாம். ஹூஸ்மன் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன அழைப்பு வேண்டும்?

ஊரோடு ஊர் பெயர்ந்தது

கடிதத்தைப் பார்த்து வந்தவர்கள் கடிதம் எழுதியவர்களின் பக்கத்திலேயே குடியேறினார்கள். இந்தச் சிற்றூர்களின் அமைப்புக்கு இதுதான் மூல காரணம். நார்வே என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்கிறோம். அவர்களுக்கோ ஸோக்ன், வால்ட்ரெஸ், டெலமார்க், ஹாலிங்டால், வொஸ் என்று பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு பேச்சு, வேறு உடை, வேறு சங்கீதம். ஒரு மலைக்கு இந்தப் பக்கத்தார் பேசுவதைக் கேட்டு அந்தப் பக்கத்தார் சிரிப்பது வழக்கம். இவர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கியபோது, ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் பண்ணை வாங்கினார்கள். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் 1839-ல் மஸ்கீகோவிலும், 1840-ல் காஷ்கனாங்கிலும் குடியிருப்புகள் தோன்றின. அங்கிருந்து பிள்ளைகளும் புதிதாக வந்தவர்களும் மேற்கே நகர்ந்து, அயோவா, மினஸோட்டா, டக்கோட்டா என்று பரவினார்கள். 1850-ல் டெக்கோராவைச் சுற்றிய பிரதேசத்துக்கு முதல் நார்வீஜியர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த மண் காலியாக இருந்ததென்று குடியேறியவர்களின் சரித்திரங்களில் படிக்கிறோம். அது முழு உண்மையல்ல. அங்கே ஹோ-சங்க் என்ற பூர்வகுடிகள் இருந்தார்கள். முன்பே தங்கள் சொந்த நாடாகிய விஸ்கான்ஸினிலிருந்து பெயர்க்கப்பட்டு அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள் அவர்கள். 1848-ல் சர்க்கார் அவர்களை அங்கிருந்தும் கிளப்பி மினஸோட்டாவுக்கு அனுப்பியது. மறு வருஷமே வெள்ளையரின் முதற் குடியிருப்பு டெக்கோராவில் எழுந்தது. வெளியேற்றப்பட்ட ஜனங்களின் தலைவரான வாக்கன் டெக்கோராவின் பெயரை ஊருக்கும், இன்னொரு தலைவரான வின்னஷீக்கின் பெயரை ஜில்லாவுக்கும் வைத்தார்கள். சொந்த ஊரில் நிலமில்லாமல் தவித்து வந்த ஏழைகளுக்குக் கிடைத்த நிலம், வேறு ஏழைகளிடமிருந்து எடுக்கப்பட்ட நிலம். நார்வீஜியர்கள் அதை எடுக்கவில்லை. ஆனால் எடுத்ததன் பலன் அவர்களைச் சேர்ந்தது. இதை மறைத்துவிட்டு அவர்களுடைய உழைப்பைப் புகழ்வது நியாயமாகாது.

அந்த உழைப்பும் சாமான்யமானதன்று. வெஸ்டர்ஹைம் பொருட்காட்சிசாலையில் ஒரு மரக்கட்டைக் குடிசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதன் அளவு சுமார் 14 அடிக்கு 16 அடி. 1853-ம் வருஷம் டிசம்பரில், உல்ரிக் வில்ஹெல்ம் கோரன் என்ற இளம் போதகரும் அவர் மனைவி எலிஸபெத்தும் டெக்கோராவுக்கு அருகேயுள்ள குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். தனி வீடு கிடைக்காமையால், அந்தக் குடிசைக்குச் சொந்தக்காரர்களான தம்பதிகளோடும் அவர்களுடைய இரு குழந்தைகளோடும் அந்த ஒற்றை அறையிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். இரு குடும்பங்களுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான் சுவர். எலிஸபெத் கற்ற குடும்பத்துப் பெண், வயது இருபத்தொன்று. அவர் தினந்தோறும் எழுதி வைத்த நாட்குறிப்பு பிற்காலத்தில் புத்தகமாக வெளிவந்து, அந்த நாட்களின் வாழ்க்கையை நமக்குக் காட்டுகிறது. குளிர், தனிமை, ஊரிலிருந்து கடிதம் வராத ஏக்கம் ஆகிய எல்லாவற்றோடும் கூட, திரைக்கு அப்பாலிருந்தவர்கள் காட்டிய தயாளமும் அதில் இருக்கிறது.

தேவாலயம், கல்லூரி, பத்திரிகை

பக்கத்துப் பக்கத்தில் வசிப்பதனால் மாத்திரம் சமூகம் உண்டாகிவிடாது. மாலையில் கூடுவதற்கு ஓர் இடமும், பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு பள்ளியும், வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வரும் பத்திரிகையும் வேண்டும். நார்வீஜியர்கள் இந்த மூன்றையும் தங்கள் கைப்பொருளைக் கொண்டே ஏற்படுத்திக் கொண்டார்கள்.

முதலில் தேவாலயம். அவர்கள் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1706-ல் தரங்கம்பாடிக்கு லூத்தரன் போதகர்களை அனுப்பிய டென்மார்க் அரசரே அக்காலத்தில் நார்வேக்கும் அரசர். நார்வேயில் சபையை நடத்தும் பொறுப்பு சர்க்காருடையது. போதகருக்குச் சம்பளமும் அங்கிருந்தே வரும். அமெரிக்காவிலோ எல்லாவற்றுக்கும் குடியானவனே பணம் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்தவன் வாய் திறக்கவும் கற்றுக்கொண்டான். சபைக் கூட்டத்தில் வாக்களிப்பது, கணக்குக் கேட்பது, போதகரை எதிர்த்துப் பேசுவது என்று, ஊரில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டு நின்றவர்கள் இங்கே சுயராஜ்யம் பழகினார்கள்.

1861-ல் அடிமைத்தனத்தைக் குறித்து உள்நாட்டு யுத்தம் மூண்டபோது இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. போதகர்களாக விரும்பிய இளைஞர்கள் அதுவரை ஸெயின்ட் லூயி நகரில் ஜெர்மானியர் நடத்திய கல்லூரியில் படித்து வந்தார்கள். அந்தக் கல்லூரிப் பெரியவர்கள், அடிமைத்தனத்தை வேதம் பாவமென்று விதிக்கவில்லை என்று வாதித்தார்கள்; நார்வீஜியப் போதகர்களில் பலரும் அதற்குத் தலையசைத்தார்கள். குடியானவர்கள் ஒப்பவில்லை. தங்கள் பிள்ளைகளை இனி அங்கே அனுப்ப மாட்டோம் என்றார்கள். அந்த வருஷமே விஸ்கான்ஸினில் ஒரு போதகர் வீட்டில் 16 மாணவர்களுடன் தொடங்கிய லூத்தர் கல்லூரி, மறு வருஷம் டெக்கோராவுக்கு மாறி, இன்றும் அங்கே நடந்து வருகிறது. மஸ்கீகோவில் வளர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹெக் என்பவர் நார்வீஜியர்களையே பெரும்பாலும் கொண்ட 15-வது விஸ்கான்ஸின் படையைத் திரட்டித் தலைமை வகித்து, 1863-ல் சிக்கமாகாப் போரில் உயிர் நீத்தார். 1874-ல் மினஸோட்டாவின் நார்த்ஃபீல்டு ஊரில் ஸெயின்ட் ஓலஃப் கல்லூரியும் நிறுவப்பட்டது. கல்லூரி என்றால் நகரங்களில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோதுமை விற்ற காசைக் கொண்டு குடியானவர்கள் சிற்றூரிலேயே அதைக் கட்டிக் காட்டினார்கள்.

மூன்றாவது பத்திரிகை. 1847-லேயே மஸ்கீகோவில் நார்வீஜிய பாஷையில் ஒரு பத்திரிகை தோன்றியது. ஆனால் இந்த விஷயத்தில் பெரும் புகழ் பெற்றது டெக்கோராதான். 1874-ல் பிரூனில்டு அனுண்ட்ஸன் என்ற அச்சுத் தொழிலாளி "டெக்கோரா-போஸ்டன்" என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கட்சிச் சண்டையிலும் சபைச் சண்டையிலும் தலையிடுவதில்லை என்பது அவருடைய விரதம். நார்வேயின் ஒவ்வொரு ஜில்லாவிலிருந்தும் சமாசாரம், அமெரிக்கச் செய்தி, பண்ணை விஷயம், தொடர்கதை ஆகிய இவ்வளவும் அதில் வந்தன. 1880-களில் ஹான்ஸ் ஃபாஸ் என்பவர் எழுதிய "ஹூஸ்மன் வீட்டுப் பையன்" கதையின் பொருட்டு, சந்தாதாரர்கள் ஆயிரக் கணக்கில் பெருகினார்கள். ஊரில் அவமானப்பட்ட ஏழைப் பையன் அமெரிக்காவில் உழைத்துத் தலை நிமிரும் கதை அது. படித்த ஒவ்வொருவனும் அதில் தன்னையே கண்டான். 1918 முதல் 1935 வரையில், ஸ்பிரிங் குரோவ் என்ற அண்டை ஊரைச் சேர்ந்த பீட்டர் ரோஸன்டால் என்ற குடியானவர் அதில் "ஓலாவும் பெரும்" என்ற விகடச் சித்திரத் தொடரை வரைந்து வந்தார். சில ஆயிரம் பேர் வசித்த ஊரிலிருந்து வெளிவந்த பத்திரிகைக்கு, உச்ச நிலையில் நாற்பதாயிரத்துக்கு மேல் சந்தாதாரர்கள் இருந்தார்கள். விஸ்கான்ஸினிலிருந்து பஸிபிக் கரை வரையில் சிதறியிருந்த பண்ணை வீடுகளையெல்லாம் ஒரே தெருவாக்கியது அந்தப் பத்திரிகைதான் என்று சொல்லலாம்.

பாஷைக்கு நேர்ந்தது

இத்தனை பலத்தோடு இருந்த பாஷை எப்படி மறைந்தது?

வீட்டில் பேசியது பள்ளத்தாக்கின் கொச்சை. தேவாலயத்திலும் பத்திரிகையிலும் வழங்கியது டேனிஷ் சாயலுள்ள ஏட்டு பாஷை. கடைவீதியில் இங்கிலீஷ். ஆக, படிப்பில்லாத குடியானவனும் மூன்று பாஷைகளுக்கிடையே நடமாடினான். வேலியை "ஃபென்ஸ்" என்றும், ஓடையை "கிரிக்" என்றும் இங்கிலீஷ் சொற்களை எடுத்து நார்வீஜிய இலக்கணத்தில் பொருத்திப் பேசினான். இதைக் கேட்டு நார்வேயிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் பரிகசித்தார்கள். அயோவாவில் பிறந்த அறிஞர் ஐனார் ஹௌகன் மாத்திரம் பரிகசிக்கவில்லை. விஸ்கான்ஸின் கிராமங்களில் அலைந்து அந்தப் பேச்சைப் பதிவு செய்து, 1953-ல் அதைப் பற்றி இரண்டு பாகங்கள் கொண்ட பெரு நூல் வெளியிட்டார். கலப்புச் சொல் பாஷை சாகும் அறிகுறியல்ல என்பதும், புதிய வாழ்க்கையைப் பேசுவதற்கு அது பிரயாசைப்படும் அறிகுறி என்பதும் அதைப் படிப்பவர்களுக்கு விளங்கும். இதற்கிடையில் நார்வே தேசம் 1907-லும், 1917-லும், 1938-லும் தன் எழுத்து முறையைச் சீர்திருத்திக்கொண்டே போயிற்று. அமெரிக்காவில் இருந்தவர்களோ தாங்கள் கொண்டுவந்த பழைய எழுத்தையே நெடுங்காலம் போற்றி வைத்துக்கொண்டார்கள்.

உண்மையான பிரச்னை பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிள்ளைகளைச் சபைப் பள்ளிகளுக்கே அனுப்ப வேண்டும் என்று போதகர்கள் பலர் வற்புறுத்தினார்கள். குடியானவர்களோ சர்க்கார் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கே அனுப்பினார்கள். தம் பிள்ளை இந்த நாட்டில் பிழைக்க வேண்டுமே என்பது அவர்கள் கவலை. அதனால் வருஷம் முழுவதும் இங்கிலீஷ். கோடையில் சில வாரங்கள் மாத்திரம் நார்வீஜியத்தில் வேத பாடம். அந்தச் சில வாரங்களும் பலன் தந்ததற்குக் காரணம் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதில் சபையார் முன் நின்று திடப்படுத்தல் பெறுவதற்கு நார்வீஜிய பாஷை தெரிந்திருக்க வேண்டும். பாட்டனாரோடு பேசுவதற்கும், தேவாலயத்தில் பாடுவதற்கும், பத்திரிகையில் தொடர்கதை படிப்பதற்கும் அது தேவைப்பட்டது. அதாவது, பாஷைக்குச் செய்ய வேண்டிய வேலை இருந்தது.

1917-ல் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியதும், ஜெர்மன் பாஷையின்மீது எழுந்த துவேஷம் அன்னிய பாஷைகள் எல்லாவற்றின் மீதும் பாய்ந்தது. 1918-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, அயோவாவின் கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பள்ளிகளிலும், பொது இடங்களிலும், ரயில் வண்டிகளிலும், டெலிபோனிலும், தேவாலயப் பிரசங்கத்திலுங்கூட இங்கிலீஷ் ஒன்றே வழங்க வேண்டுமென்பது உத்தரவு. இரண்டு தலைமுறைகளுக்கு முன் அதே நாட்டின் ஐக்கியத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாஷையில் ஜெபம் செய்தால் தேசத் துரோகிகளாகக் கருதப்படுவார்களோ என்று அஞ்ச நேர்ந்தது. யுத்தம் முடிந்ததும் அந்த வருஷ டிசம்பரில் பிரகடனம் நீக்கப்பட்டது. ஆனால் அந்த ஏழு மாதங்களில் ஏற்பட்ட கூச்சம் அதனோடு நீங்கவில்லை. வீதியில் சொந்த பாஷையைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் வந்தது. 1924-ல் செய்த குடியேற்றச் சட்டத்தால் நார்வேயிலிருந்து புதிதாக வருவோரின் தொகையும் சுருங்கியது.

இதைக் கண்டு துடித்தவர்களில் ஓலே ரோல்வாக் முக்கியமானவர். மீன் பிடிக்கும் குடும்பத்தில் 1876-ல் பிறந்து, இருபதாவது வயதில் தெற்கு டக்கோட்டாவில் பண்ணை வேலைக்கு வந்தவர்; பிறகு படித்து, ஸெயின்ட் ஓலஃப் கல்லூரியில் நார்வீஜியப் பேராசிரியரானவர். பூர்வ பாரம்பரியத்தை மறந்தவன் புதிய நாட்டுக்கும் எதையும் கொடுக்க இயலாது என்பது அவர் வாதம். அமெரிக்காவில் இருந்துகொண்டே நார்வீஜிய பாஷையில் நாவல் எழுதினார். 1924, 1925-ல் நார்வேயில் இரண்டு புத்தகங்களாக வெளிவந்த அந்தக் கதை, 1927-ல் "ஜயண்ட்ஸ் இன் தி எர்த்" என்ற பெயரில் இங்கிலீஷில் வந்து, அமெரிக்க இலக்கியத்திலேயே இடம் பெற்றது. கணவன் புல்வெளியை ஜயித்து நிலம் சம்பாதிக்கிறான். மனைவியோ அந்த வெட்ட வெளியின் தனிமையில் சித்தம் கலங்குகிறாள். குடியேற்றத்தின் லாபத்தை எல்லோரும் கணக்கிட்டார்கள். நஷ்டத்தைக் கணக்கிட்டவர் அவர். அவருடைய வெற்றியிலேயே ஒரு வேதனையும் இருந்தது. அவரைப் பெருவாரியானவர்கள் படித்தது இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில்தான்.

1925-ம் வருஷம் ஜூன் மாதம், மினஸோட்டாவில் குடியேற்றத்தின் நூற்றாண்டு விழா மிக விமரிசையாக நடந்தது. ஜனாதிபதி கூலிட்ஜ் நேரில் வந்து பேசினார். ரெஸ்டோரேஷன் கப்பலின் படம் போட்ட தபால் தலையைச் சர்க்கார் வெளியிட்டது. அதுவே உச்சி, பிறகு இறக்கம். வேத பாடமும் திடப்படுத்தலும் இங்கிலீஷுக்கு மாறிய பிறகு, பிள்ளைகளுக்கு நார்வீஜியம் தேவைப்படவில்லை. 1946-ல் அவர்களுடைய பெரிய சபை தன் பெயரிலிருந்து "நார்வீஜிய" என்ற சொல்லையே எடுத்துவிட்டது. 1972-ல், 98 வருஷங்களுக்குப் பிறகு, டெக்கோரா-போஸ்டன் நின்றது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கல்லறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சந்தாக் கணக்கை எந்த ஆசிரியர்தான் அங்கே தொடர முடியும்?

எஞ்சியது

பாஷை போய்விட்டதே, சமூகமும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்பதற்கு விஸ்கான்ஸினிலுள்ள ஸ்டௌட்டன் என்ற ஊர் சாட்சி சொல்கிறது. காஷ்கனாங் குடியிருப்பை அடுத்த இந்த ஊரில் ஒரு காலத்தில் வண்டித் தொழிற்சாலையும் புகையிலைக் கிடங்குகளும் நிறைந்திருந்தன. சுற்றுப்புற நார்வீஜியக் குடியானவர்கள் புகையிலை பயிரிடுவதில் கைதேர்ந்தவர்கள். கிடங்கு வேலைக்கு வந்த பெண்கள், நடுவே வீட்டுக்குப் போய் அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்து ஒரு வாய் காப்பி குடித்து வர அனுமதித்தால்தான் வேலைக்கு வருவோம் என்றார்களாம். வேலை நடுவே காப்பிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் உலகில் பிறந்தது தங்கள் ஊரில்தான் என்பது ஸ்டௌட்டன்வாசிகளின் பெருமை.

அந்த வண்டித் தொழிற்சாலையில் வர்ணம் பூசுபவராக வேலை செய்தவர் பெர் லூஸ்னே. நார்வே கிராமங்களில் பெட்டிகளிலும், கிண்ணங்களிலும், சுவர்களிலும் கொடியும் பூவுமாகச் சுழித்து எழுதும் "ரோஸ்மாலிங்" என்ற சித்திர வேலை அவருக்குக் குலவித்தை. தொழிற்சாலை வேலை ஓய்ந்து பொருளாதார மந்தம் வந்த காலத்தில் அவர் மரத் தட்டுகளில் அந்தச் சித்திரங்களை எழுதி விற்கத் தொடங்கினார். அவரிடமிருந்து அந்தக் கலை அமெரிக்காவில் மீண்டும் தழைத்தது. இன்று வெஸ்டர்ஹைமில் அதைக் கற்பிக்கிறார்கள்.

மே மாதம் 17-ந் தேதியை ஒட்டி ஸ்டௌட்டனில் திருவிழா நடக்கிறது. டென்மார்க்கின் கையிலிருந்து ஸ்வீடனின் கைக்கு மாற்றப்பட்ட 1814-ல், நார்வீஜியர்கள் ஐட்ஸ்வோல் என்ற இடத்தில் கூடித் தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்ட நாள் அது. அவர்கள் தேசம் ஸ்வீடனின் பிணைப்பிலிருந்து முற்றிலும் விடுபட்டது 1905-லேதான். தாய்நாடு பரிபூரண சுதந்திரம் அடைவதற்கு முன்பே, அமெரிக்கச் சிற்றூர்களில் அந்த நாளைக் கொடியேற்றிக் கொண்டாடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இப்போது அந்த விழாவில் குழந்தைகள் பூவேலை செய்த உடை தரித்து ஆடுகிறார்கள். பாண்டு வாத்தியம் முழங்குகிறது. வெளியூர் ஜனங்கள் திரளாக வருகிறார்கள்.

இலையுதிர் காலத்தில் தேவாலயங்களில் நடக்கும் "லூட்டஃபிஸ்க்" விருந்தையும் சொல்ல வேண்டும். காய்ந்த காட் மீன் கருவாட்டைக் காரநீரில் ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பல நாள் அலசி வேக வைத்தால், அது கண்ணாடிபோல் வழவழவென்று ஆகிவிடும். அதன்மேல் உருக்கிய வெண்ணெயை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கூடவே, உருளைக்கிழங்கு மாவைச் சப்பாத்திபோல் மெல்லியதாக இட்டுக் கல்லில் வாட்டிய "லெஃப்ஸா". நார்வேயில் ஏழைகள் குளிர்காலத்தில் வேறு வழியின்றித் தின்ற மீன், இங்கே அபிமானத்தின் அடையாளமாகிவிட்டது. அதன் வாசனையைப் பற்றி அவர்களே கேலி செய்துகொள்கிறார்கள்; கேலி செய்துகொண்டே வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறார்கள்.

விழாவும் விருந்தும் போதுமா? போதாது என்று ரோல்வாக் சொல்லியிருப்பார். ஒரு பாஷையில் பாட்டியிடம் கதை கேட்பது வேறு. வருஷத்துக்கு ஒரு நாள் பாட்டியின் உடையை அணிந்துகொள்வது வேறு. நாமும் அப்படியே நினைக்கிறோம். ஆனால் அந்த ஜனங்களைக் குறை சொல்வதற்கு முன், அவர்கள் எதை விடாமல் காத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் கட்டிய கல்லூரிகள் இன்றும் நடக்கின்றன. ஸெயின்ட் ஓலஃபில் நார்வீஜிய பாஷையை இன்னும் கற்பிக்கிறார்கள். எலிஸபெத் கோரனின் நாட்குறிப்பும், பத்திரிகைகளும், கடிதங்களும் அழியாமல் பாதுகாக்கப்பட்டு, வேண்டியவர் எடுத்துப் படிக்கக் கிடைக்கின்றன. 2025-ல் குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டு வந்தபோது, ரெஸ்டோரேஷனைப் போலவே கட்டிய ஒரு கப்பல் அதே ஜூலை 4-ந் தேதி ஸ்டவாங்கரிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டது.

இவர்களுடைய சரித்திரத்திலிருந்து நாம் அறிவது இதுதான். பாஷை அதன்மீது வைத்த அன்பினால் மாத்திரம் வாழ்வதில்லை. நார்வீஜியர்களுக்கு அன்பு குறைந்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஜெபிப்பதற்கும், படிப்பதற்கும், பிள்ளைகளைத் திடப்படுத்துவதற்கும், பத்திரிகையில் சிரிப்பதற்கும் அது பயன்பட்டவரையில், அன்னிய நாட்டின் நடுவிலும் நூறு வருஷம் அது செழித்திருந்தது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாக இன்னொரு பாஷை எடுத்துக்கொண்டபோது, யாரும் தள்ளாமலே அது வாசலுக்கு வெளியே போயிற்று. சட்டமும் துவேஷமும் அதன் நடையை விரைவுபடுத்தின. கதவைத் திறந்து விட்டதோ நித்திய வாழ்க்கையின் சின்னஞ்சிறு சௌகரியங்கள்.

இந்தச் சிற்றூர்களின் பழைய தேவாலயங்களையொட்டிய கல்லறைத் தோட்டங்களில் இந்தக் கதை முழுவதும் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய வரிசைகளில் பிறப்பும் இறப்பும் நார்வீஜிய பாஷையில் இருக்கின்றன. பிறந்த பள்ளத்தாக்கின் பெயரும் சில கற்களில் உண்டு. அடுத்த வரிசைகளில் பெயர்கள் அப்படியே இருக்க, மற்ற சொற்கள் இங்கிலீஷாகின்றன. பாட்டனார் கல்லிலுள்ள வாசகத்தைப் பேரனால் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கல்லைச் சுற்றியுள்ள புல்லை அவன்தான் வெட்டி வைத்திருக்கிறான்.